திங்களும் பூட்டு, செவ்வாயும் பூட்டு

பிரெஞ்சு வகுப்பில் முதலில் சொல்லித்தந்த சொல் 'போஞ்சூர்'. பிரான்ஸின் வடமேற்கில் இருக்கிற நோர்மண்டியில் அலைந்து அலைந்து மனப்பாடமான சொல் 'ஃபெர்மே'. மூடியிருக்கிறதாம். கண்ணாடிக் கதவில் ஒரு அட்டை, அட்டைக்குப் பின்னால் இருட்டு, அந்த இருட்டுக்குள் எங்கேயோ நான் ரயிலேறி வந்து பார்க்க நினைத்த ஓவியம்.

எனக்குப் பாரிஸில் ஒரு உணவகச் சமையலறையில் வேலை. ஞாயிறு இரவு அடுப்பை அணைத்து, தரை கழுவி, வீடு வந்து சேர ஒரு மணியாகும். திங்கள் லீவு. இந்த நாட்டில் சமையல்காரர், முடிவெட்டுகிறவர் என்று எத்தனையோ பேருக்குத் திங்கள்தான் ஞாயிறு. அந்தத் திங்களாகப் பார்த்துத்தான் நூதனசாலைகளும் கதவைச் சாத்துகின்றன. திங்கள் சாத்தாதது செவ்வாய் சாத்தும். பாரிஸில் இருக்கிறவனுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. லூவ்ர் மியூசியத்துக்குச் செவ்வாய் பூட்டு, ஓர்சே மியூசியத்துக்குத் திங்கள் பூட்டு. ஒன்று பூட்டியிருந்தால் மற்றதற்குப் போகலாம். ஊருக்கு ஒரேயொரு மியூசியம் இருக்கிற இடத்தில் எங்கே போவது? தேவாலயத்தைச் சுற்றிவிட்டு அதே வாசலில் வந்து நிற்க வேண்டியதுதான்.

ஏன் நோர்மண்டி என்று கேட்பீர்கள். பாரிஸின் சென் லசார் நிலையத்தில் ஏறினால் நோர்மண்டியின் ருவான் நகருக்கு ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது. அதைவிட முக்கியம், எனக்கு ஓவியர் மோனே என்றால் பைத்தியம். அந்த மனுஷன் 1892-லும் 1893-லும் ருவான் தேவாலயத்துக்கு எதிரே வாடகைக்கு இடம் பிடித்து உட்கார்ந்து, ஒரே முகப்பை முப்பது தடவைக்கு மேல் வரைந்தான். காலை வெயிலில் ஒன்று, பனிமூட்டத்தில் ஒன்று, மாலையில் ஒன்று. வெளிச்சம் மாறினால் கித்தானையும் மாற்றிக்கொள்வான். அதில் சாம்பல் வானத்தின் கீழ் நிற்கிற ஒன்று ருவான் மியூசியத்திலேயே இருக்கிறது. ஓவியத்தைப் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் நடந்துபோய் அதே கல்லை நேரில் பார்க்கலாம். பாரிஸில் எவ்வளவு காசு கொடுத்தாலும் இது கிடைக்காது. துறைமுக ஊரான லு ஆவ்ருக்குப் போனால், இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான ஊரை ஒகுஸ்த் பெரே என்ற கட்டடக் கலைஞர் கான்கிரீட்டில் கட்டியெழுப்பியிருக்கிறார். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அந்தத் துறைமுகத்தைத்தான் 1872-ல் மோனே விடியற்காலையில் வரைந்தான், அந்தப் படத்தின் பெயரிலிருந்துதான் இம்ப்ரெஷனிசம் என்ற ஓவியப் பாணிக்குப் பெயரே பிறந்தது. படம் இப்போது பாரிஸில் தொங்குகிறது, அது வேறு கதை. இவ்வளவும் இருக்கிற ஊர்ப்பக்கம் ஒருத்தனுக்குப் போகத் தோன்றாதா?

சரி, போனேன். முதல் தடவை ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். திங்கள். பூட்டு. என் தப்பு, பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும். இரண்டாம் தடவை முதலாளியிடம் கெஞ்சிச் செவ்வாய் லீவு வாங்கிக்கொண்டு வேறொரு ஊருக்குப் போனேன். அது செவ்வாய்க்கிழமை மூடுகிற கட்சி. கதவில் ஒட்டியிருந்த அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். கூட வேலை செய்கிற தம்பி உடனே பதில் போட்டான்: "ஏன் அண்ணை, பூட்டைப் பாக்கவோ அவ்வளவு தூரம் போனியள்? எங்கட கடைக் கதவிலயும் ஒண்டு தொங்குது."

மூன்றாம் தடவை விடக்கூடாது என்று ஒரு புதன்கிழமையைச் சம்பளம் இல்லாத லீவாக எடுத்தேன். கால அட்டவணையை இரண்டு முறை படித்தேன். அதுவே ஒரு தனிப் படிப்பு: ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஒரு நேரம், குளிர்காலத்துக்கு வேறு, பள்ளி விடுமுறைக்கு இன்னொன்று, மே 1 கிடையாது, வரிப் படிவம்கூட இதைவிட லேசு. காலை பத்தரைக்குப் போய்ச் சேர வேண்டிய ரயில் தாமதம். வாசலை மிதிக்கும்போது 11:35. கவுண்டரில் இருந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு மூடுவார்கள், கடைசி அனுமதி அரை மணி நேரம் முன்னால், ஐந்து நிமிடம் பிந்திவிட்டீர்கள், இரண்டு மணிக்கு வாருங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதையில்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

இரண்டு மணி வரை மழை. நோர்மண்டி மழை சாய்வாக வரும், குடைக்கு அடங்காது. ஒரு காப்பிக் கடையில் ஒரு காப்பியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்காரலாம்? கடைக்காரர் இரண்டு முறை மேசையைத் துடைத்தார். சமையலறைக்காரனுக்கு அதன் அர்த்தம் தெரியும், எழுந்துவிட்டேன். இரண்டு மணிக்கு முதல் ஆளாகப் போய் முழுக் கட்டணம் கொடுத்து டிக்கெட் வாங்கிய பிறகு சொல்கிறார்கள், மேல்மாடி இன்று திறக்கவில்லையாம், காவலுக்கு ஆள் இல்லையாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியங்கள் எங்கே? மேல்மாடியில். கீழே என்ன? பழைய பூட்டும் சாவியும்! கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக, விளக்குப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வைத்திருந்தார்கள். நானாகக் கட்டிச் சொல்லவில்லை, அந்த ஊர்ப்பக்கத்து இரும்பு வேலைப்பாடாம். நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். காசு கொடுத்திருக்கிறேனே.

இதில் இன்னொரு கொடுமை. இந்த நாடு கலையை எல்லோருக்கும் திறந்துவிடுகிறோம் என்று நல்ல நல்ல ஏற்பாடுகள் செய்திருக்கிறது. எல்லாம் எந்தக் கிழமையில் என்று பாருங்கள். பல மியூசியங்களில் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். 1984-ல் தொடங்கிய பாரம்பரிய நாட்கள், வழக்கமாகப் பூட்டிக்கிடக்கிற மாளிகைகளைக்கூடத் திறந்துவிடுவார்கள், செப்டம்பர் மூன்றாவது சனியும் ஞாயிறும். மே மாதத்தில் மியூசியங்களின் இரவு, அதுவும் சனிக்கிழமை இரவு! சனி இரவு ஊரே மியூசியம் பார்த்துவிட்டுப் பசியோடு சாப்பிட வருமே, அந்தச் சாப்பாட்டை யார் சமைக்கிறார்கள்? வெங்காயம் உரிக்கிறவனுக்கு மோனே வேண்டாம் என்று யாரும் சட்டம் போடவில்லை. நேர அட்டவணை போட்டவருக்குச் சனி ஞாயிறு லீவு, அவ்வளவுதான் விஷயம்.

காவலர்கள் ஓய்வெடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற வேலை என்னவென்று என் முழங்காலுக்குத் தெரியும். துப்புரவு செய்யவும் படங்களை இடம் மாற்றவும் வாரத்தில் ஒரு நாள் மூடித்தான் ஆகவேண்டும். அந்த ஒரு நாளை அக்கம்பக்கத்து ஊர்கள் பேசிப் பிரித்துக்கொண்டால் என்ன? சாப்பாட்டு நேரத்தை மாறி மாறி எடுத்துக்கொண்டால் என்ன? ஆறு பேர் இருக்கிற எங்கள் சமையலறையில் அது நடக்கிறது. ஆள் போதவில்லை என்றால் அந்த மாடி பூட்டு என்று டிக்கெட் கிழிக்கும் முன்னாலேயே சொல்லலாமே, வாய் வலிக்குமா?

நோர்மண்டியின் பாயோ ஊர்த் தையலோவிய விஷயத்தில் மட்டும் நான் யாரையும் திட்ட முடியாது. 1066-ல் நோர்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த கதையை, லினன் துணியில் கம்பளி நூலால், கிட்டத்தட்ட எழுபது மீட்டர் நீளத்துக்குத் தைத்து வைத்திருக்கிறார்கள். வானத்தில் போன ஹாலி வால்நட்சத்திரத்தைக்கூட விடவில்லை. அது திங்களும் திறந்திருந்தது. அடுத்த மாதம் போகலாம், குளிர் போகட்டும் என்று நானே மூன்று வருடம் தள்ளினேன். 2025 செப்டம்பரில் புதுப்பிப்பதற்காக மியூசியத்தை மூடிவிட்டார்கள், இனி 2027-ல்தான். இடையில் அந்தத் துணியை லண்டனுக்கு இரவல் கொடுப்பதாகவும் அறிவித்தார்கள். அதற்கு விசா எடுக்க வேண்டியதில்லை, எனக்கு எடுக்க வேண்டும்.

போன வாரம் முதலாளியிடம் லீவை வியாழனுக்கு மாற்றித்தரக் கேட்டேன். எதற்கு என்றார். மியூசியத்துக்கு என்றேன். சிரித்துவிட்டு, வியாழன் மீன் வருகிற நாள், யார் செதில் எடுப்பது என்று கேட்டார். வெள்ளி என்றால்? வெள்ளியா, விளையாடுகிறாயா என்றார். புதன் பாதி நாள் தருவாராம், மத்தியானத்துக்கு மேல்.

ரயில் நேரம் பார்த்தேன். அங்கே போய் இறங்கும்போது நாலே முக்கால்.