'பேப்பர் சரியாக இருந்தால் பயம் எதற்கு?' என்பவர்களுக்கு

நேற்றைய வீடியோவைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டீர்கள், அதனால் கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. திருட்டு வண்டி என்று போலீஸ் நிறுத்தி, ஓட்டி வந்த அம்மாவைப் பையனோடு முக்கால் மணி நேரம் சாலையோரம் நிற்க வைத்து, கடைசியில் என்ன தெரிந்தது? வண்டி எப்போதோ திருடு போனது உண்மை, திரும்பக் கிடைத்ததும் உண்மை, கிடைத்ததைக் கணினியில் ஏற்றத்தான் யாருக்கும் கை வரவில்லை. சரி, தவறு நடக்கும். என் எரிச்சல் வீடியோவுக்குக் கீழே வரிசையாக விழுந்த "பேப்பர் சரியாக இருந்தால் பயம் எதற்கு" கமெண்ட்டுகள் மேல்தான். அந்த அம்மாவின் பேப்பர் சரியாகத்தானே ஐயா இருந்தது! போலீஸிடம் இருந்த பேப்பர்தான் சரியில்லை.

ரோந்து வண்டியில் இருப்பவர் நம் நம்பரைத் தட்டினால் என்ன வரும்? வண்டி யார் பெயரில், என்ன மாடல், என்ன நிறம், திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா. நம்பர் வண்டிக்குத்தான், ஓட்டுகிற ஆளுக்கு இல்லை. இப்போது கேமராவே போகிற போக்கில் நம்பரைப் படித்து, பட்டியலோடு ஒப்பிட்டு மணி அடித்துவிடுகிறது. அடித்தால் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டாமா? 2009இல் சான் பிரான்சிஸ்கோவில் கேமரா 3ஐ 7 என்று படித்தது. தேடப்பட்டது ஒரு டிரக், மடக்கியது ஒரு கார். டிரக்குக்கும் காருக்கும் வித்தியாசம் தெரியாமலா போலீஸ் வேலைக்கு வந்தார்கள்? ஓட்டி வந்த பெண்ணைத் துப்பாக்கி முனையில் மண்டியிட வைத்தார்கள்.

திருட்டு வண்டிகள் பிடிபடுவதே இப்படித்தான் என்பீர்கள். பிடிபடட்டும், யார் வேண்டாம் என்றது.

"சட்டமே அனுமதிக்கிறது" என்று ஒருவர் அமெரிக்கத் தீர்ப்பை ஒட்டியிருந்தார். 2020இல் வந்த கேன்சஸ் எதிர் குளோவர் வழக்கு. உரிமையாளரின் லைசென்ஸ் ரத்தாகியிருந்தால், அவரேதான் ஓட்டுகிறார் என்று ஊகித்து நிறுத்தலாம் என்று 8 நீதிபதிகள் சொன்னார்கள், ஒருவர் மறுத்தார். முழுக்கப் படித்துவிட்டு ஒட்டியிருக்கலாம். உரிமையாளர் அறுபதுகளின் நடுவில் இருப்பவர், ஓட்டுவதோ இருபதுகளில் இருக்கும் பெண் என்று கண்ணெதிரே தெரிந்துவிட்டால் அந்த ஊகம் செல்லாது என்றும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது.

எனக்கு இது மனப்பாடம். ஏனென்றால் போன வருடம் என்னை நிறுத்தினார்கள். வண்டி அப்பா பெயரில், பதிவின்படி உரிமையாளருக்கு 71 வயது. நான் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், மீசைகூடக் கிடையாது.

"ஓனரோட லைசென்ஸ் காலாவதி ஆயிடுச்சே, அவர் எங்கே?"

"இறந்துட்டார் சார். நாலு மாசம் ஆகுது."

"சிஸ்டத்துல அப்படி இல்லையே" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை, என் லைசென்ஸைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். "அதான் விட்டுட்டாரே, அப்புறம் என்ன" என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து வேறு பக்கம் போங்கள். பெயரை மாற்றாதது உன் தப்புதானே என்பவர்களுக்கு, ஆமாம், என் தப்புதான். அந்த நான்கு மாதத்தில் இறப்புச் சான்றிதழை எத்தனை ஜன்னலில் நீட்டினேன் என்று எனக்கே கணக்கில்லை, வண்டிக்கான படிவத்தில் மட்டும் கை ஓடவில்லை. சீட்டைக்கூட இன்னும் முன்னால் நகர்த்தவில்லை, கிளட்ச் எட்டாமல் நுனியில் உட்கார்ந்துதான் ஓட்டுகிறேன். இதெல்லாம் எந்த சிஸ்டத்தில் வரும்?

வீடியோவுக்குக் கீழே முதல் ஆளாகப் "பயம் எதற்கு" என்று எழுதிய சித்தப்பா, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். பெயர் மாற்றத்துக்குக் கூட வருகிறேன் என்று அப்பா காரியத்தன்று சொன்னீர்கள். படிவம் மேசை மேல்தான் இருக்கிறது.