பட்டரி மணிக்கூட்டுக்கு இவ்வளவு காசா?

"பட்டரி மணிக்கூட்டுக்கா மச்சான் இவ்வளவு காசு?" என்று கேட்பவர்களுக்கு இந்தப் பதிவு இல்லை. அவர்களோடு இன்னொரு நாள் சண்டை பிடிக்கலாம். நல்ல குவார்ட்ஸ் (பட்டரியில், ஒரு படிகத்தின் அதிர்வை எண்ணி ஓடுகிற மணிக்கூடு) ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்துவிட்டு, 70, 80களில் வந்த பழசா, இப்போது வருகிற புதுசா என்று இழுபடுகிறவர்களுக்குத்தான் எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: கொழும்பில் இருந்துகொண்டு தினமும் கட்டுவதென்றால் புதுசு. ஆனால் பழசைத் தட்டிக்கழிக்க எல்லோரும் சொல்கிற காரணம் பிழை.

"பழசு சரியான நேரம் காட்டாது" என்கிறார்கள். யார் சொன்னது? 1969 டிசம்பர் 25 அன்று முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான சீக்கோ அஸ்ட்ரோன் வந்தபோது விலை 4,50,000 யென். அந்தக் காசுக்கு அப்போது ஜப்பானில் ஒரு டொயோட்டா கொரோலா வாங்கலாம். அதிலிருந்து ஆறே வருடத்தில் சிட்டிசன் கிறிஸ்ட்ரோன் மெகா ஆண்டுக்கு 3 செக்கன்தான் பிசகும் என்ற கணக்குக்கு வந்துவிட்டது. 1978இல் சீக்கோவின் ட்வின் குவார்ட்ஸ், வெப்பநிலையைப் பார்த்துத் திருத்துவதற்கென்றே இரண்டாவது படிகம் ஒன்றை வைத்துக்கொண்டு 5 செக்கனுக்கு வந்தது. இன்று சீக்கோவின் உயர்தர வரிசையான கிராண்ட் சீக்கோவின் 9எஃப் இயந்திரத்துக்கு நிறுவனம் சொல்வதே 10 செக்கன்தான்.

இதில் நம் ஊருக்கு ஒரு வசதியும் இருக்கிறது. சாதாரண குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிரும். சுமார் 25 பாகையில் அது சரியாக ஓடும். சூடு கூடினாலும் குறைந்தாலும் மெல்லப் பிந்தும். குளிர் நாட்டில் இரவு கழற்றி வைத்தால் ஒரு வேகம், கையில் கட்டினால் இன்னொரு வேகம். வெள்ளவத்தையில் மேசையில் வைத்தாலும் கையில் கட்டினாலும் வருடம் முழுக்க ஏறக்குறைய அதே புழுக்கம். பிந்துகிற அளவும் அநேகமாக மாறாது. பழசுகள் பலவற்றில் உள்ளே ஒரு குட்டித் திருத்தத் திருகு இருக்கும். பொறுமையுள்ள ஒருவர் அதை நம் ஊர்ச் சூட்டுக்கு ஏற்றபடி திருப்பிவிட்டால், வெப்பநிலைத் திருத்தம் இல்லாத மணிக்கூடுகூட அசத்தும்.

அப்புறம் ஏன் புதுசு என்கிறேன்? அதே புழுக்கத்தால்தான்.

பழைய குவார்ட்ஸ் ஒன்றின் பின்மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எப்போதோ செத்துப்போன பட்டரியைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருக்கும். பட்டரியிலிருந்து கசிந்த அந்தக் காரம் சுற்றுப்பலகையின் செப்புக் கோடுகளைத் தின்றிருக்கும். பக்கத்திலேயே தலைமயிரைவிட மெல்லிய கம்பியில் சுற்றிய சுருள். ஒரு இழை அறுந்தால் போதும், மணிக்கூடு நின்றுவிடும். ரப்பர் வளையம் காய்ந்துபோயிருந்தால் கடற்காற்றின் ஈரமும் உள்ளே. சாவி கொடுக்கிற மணிக்கூட்டில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் புறக்கோட்டையில் யாராவது கடைந்தாவது தருவார்கள். 1978இன் சிப்பை யார் செய்து தருவது? இன்னொரு மணிக்கூட்டைக் கொன்றுதான் இதைப் பிழைக்க வைக்க வேண்டும்.

9எஃப் 1993இல் வந்தது. செக்கன் முள் ஒவ்வொரு கோட்டிலும் நடுங்காமல் போய் உட்காரும். பற்களுக்கு இடையிலுள்ள தளர்வை எடுக்கவே ஒரு நுண்ணிய சுருள்வில் வைத்திருக்கிறார்கள். பட்டரி மாற்றும்போது தூசி போகாமல் சக்கரங்களை மூடியும் வைத்திருக்கிறார்கள். நம்மூரில் பட்டரி மாற்றுகிற அழகைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதுதான் பெரிய விஷயம். பட்டரியே மாற்ற வேண்டாம் என்றால் சிட்டிசனின் வெளிச்சத்தில் ஓடுகிறவை உண்டு. 2019இல் வந்த அவர்களின் 0100 இயந்திரம் ஆண்டுக்கு ஒரே ஒரு செக்கன்தான் பிசகும், ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

"ரேடியோவில் தானே திருத்திக்கொள்கிற ஒன்றை மலிவாக வாங்கலாமே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். சரியான நேரத்தை ரேடியோ அலையில் அனுப்புகிற அந்தக் கோபுரங்கள் ஜப்பான், சீனா, ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்காவில். கொழும்பில் அதை நம்ப முடியாது.

எனக்கு ஆசை விடாத பழசு ஒன்று உண்டு: 1977இல் வந்த ரோலெக்ஸ் ஒய்ஸ்டர்குவார்ட்ஸ். அமைதியான அறையில் அதன் டிக் காதில் விழும். கையில் கட்ட அல்ல, வைத்துப் பார்க்க.

எவ்வளவு சொல்லியும் பழசுதான் வேண்டுமா? சரி, பின்மூடி திறந்த படம் இல்லாமல் காசு அனுப்பாதீர்கள். "பட்டரி போட்டால் ஓடும்" என்று விற்பவரிடம், அந்தச் சின்னப் பட்டரியை ஏன் அவரே போட்டு ஓடவிட்டு விற்கவில்லை என்று கேளுங்கள். கட்டாமல் லாச்சியில் வைப்பதென்றால் பட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள்.