சார்க் முற்றிலும் செத்துவிடவில்லை
2014 காத்மாண்டு உச்சி மாநாட்டோடு, இந்தியா உள்ளிட்ட எட்டு தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் அமைப்பின் கதை முடிந்துவிட்டது என்று கட்டுரையாளர் எழுதுவதை அப்படியே ஏற்க முடியவில்லை. தலைவர்கள் கூடிப் படமெடுத்துக்கொள்வது நின்றுபோனது உண்மைதான். ஆனால் 2022 ஜனவரியில், எரிபொருள் கப்பலுக்குக் கொடுக்கக்கூட டாலர் இல்லாமல் இலங்கை திணறத் தொடங்கியிருந்தபோது, இந்திய ரிசர்வ் வங்கி அளித்த 40 கோடி டாலர், 2012இல் நடைமுறைக்கு வந்த சார்க் நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டின் (உறுப்பு நாட்டின் மத்திய வங்கி தன் நாணயத்தைக் கொடுத்து, ரிசர்வ் வங்கியிடம் டாலரையோ ரூபாயையோ தற்காலிகமாகப் பெறும் வசதி) வழியாகவே கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. உச்சி மாநாடு நடக்காததால் அந்த ஏற்பாடு முடங்கிவிடவில்லை. இனி வங்காள விரிகுடாப் பகுதியின் ஏழு நாடுகளைக் கொண்ட பிம்ஸ்டெக் கூட்டமைப்பு ஒன்றே போதும் என்று கருத்திட்ட நண்பர், சார்க்கில் உள்ள பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் மட்டுமல்ல, நமக்கு இவ்வளவு அருகிலுள்ள மாலத்தீவும் அதில் உறுப்பினர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த மாலத்தீவுக்கு 2024 அக்டோபரில் 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் பெற வழி செய்த ஒப்பந்தம், இதே சார்க் ஏற்பாட்டின் கீழ்தான் கையெழுத்தானது.