வெளிநாட்டுத் தம்பி

போன மாதம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் மூன்றாம் நாள் சாயங்காலம் சொன்னார்: "நாளைக்கு வரமாட்டேண்ணே, முகாம்ல பதிவு." இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம். அரசு மாதாமாதம் தருகிற பணக்கொடை கொடுக்கிற நாளாம். நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். பேச்சு அசல் மதுரைப் பேச்சு. பிறந்ததும் இங்கேதான், 1988-இல். ஆதார் இருக்கிறது, ஓட்டு இல்லை.

பெற்றோர் 1984-இல் ராமேஸ்வரத்தில் படகிலிருந்து இறங்கியவர்கள். எம்.ஜி.ஆர். ஆட்சி. இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்தைக் கேட்டுத் தமிழ்நாடே கொதித்துப்போயிருந்த நேரம். அகதிப் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம்கூட ஒதுக்கினார்கள். அப்புறம் 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தியைப் புலிகள் குண்டு வைத்துக் கொன்றார்கள். கல்லூரி இடங்கள் போயின. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழையத் தடை. 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பவே தொடங்கிவிட்டார்கள். விரும்பித்தான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னைக்கு வர வேண்டியிருந்தது. குண்டு வைத்தவர்கள் யார், முகாமில் அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள் யார் என்று பிரித்துப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் பொறுமை இல்லை.

இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அதனால் எல்லாமே அரசாணைதான். மேலே இருப்பவர்களின் மனசு மாறினால் ஆணையும் மாறும். அண்டை நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்குக் குடியுரிமை தர வழி செய்த 2019 சட்டத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை கிடையாது. 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' ஆக்கி, 317 கோடியில் திட்டமும் 7,469 வீடுகளும் அறிவித்தது. பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்குவதைப் பார்த்த யாரும் இதைக் கேலி செய்ய மாட்டார்கள். ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில். 2025 செப்டம்பரில் அங்கிருந்தும் ஓர் ஆணை வந்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் தங்கியிருப்பதற்குத் தண்டனை கிடையாது. சரி, ஜெயில் இல்லை. அவ்வளவுதான்.

பெயிண்ட் அடிக்க வந்தவருடைய அக்கா 1985-இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர் என்கிறது குடியுரிமைச் சட்டம். நாற்பது வருடம் முகாமில் யாரும் இதை அவரிடம் சொல்லவில்லை. அதே மண்டபத்தில் பிறந்த வேறொரு பெண் உயர் நீதிமன்றம் போய், பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்ட பிறகுதான் முகாம்களில் பலர் பிறப்புச் சான்றிதழைத் தேட ஆரம்பித்தார்களாம். தம்பி பிறந்தது 1988. அந்த வருடத்துக்காரர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்.

பதிவு முடிந்து மறுநாள் வந்தார். அக்கா விஷயம் என்னாச்சு என்று கேட்டேன்.

"எழுதிப் போட்டிருக்குண்ணே. கெடைச்சிட்டா அது இந்தியாக்காரி. நான் அதுக்கு என்ன முறை, வெளிநாட்டுத் தம்பியா?" சொல்லிவிட்டு ஏணியை அடுத்த சுவருக்கு நகர்த்தினார்.