ஆயாவைப் பற்றி அஞ்சலி பேனரில் இல்லாதவை

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கமோ காவேரிப்பட்டணம் ரோட்டிலோ கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்றை நின்று படித்துப் பாருங்கள். பாசத்தின் இருப்பிடம், தியாகத்தின் திருவுருவம். கீழே மகன்கள், மருமகன்கள், பேரன்கள், அவரவர் கட்சிப் பொறுப்போடு. இறந்த அம்மாவின் பேர் ஒரே ஒரு தடவை. பிறந்த ஊர் கிடையாது. அடுத்த தெருவில் அடுத்த அம்மாவுக்கும் இதே வரிகள்தான், கடைக்காரர் போட்டோவை மட்டும் மாற்றிக்கொள்கிறார்.

நடுகல் விளைந்த மண்ணில் இப்படி எழுதுவது நமக்கு அழகில்லை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கிற கற்களைப் பாருங்கள். எழுத்துள்ள நடுகல் என்றால் எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்தத் தொறுவை (மாட்டு மந்தையை) மீட்கப் போய்ப் பட்டான் என்று நாலு வரியில் முடித்திருப்பார்கள். பக்கத்துச் செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆண்டும் இருக்கிறது, கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயின் பேரும் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு நாய் என்ன செய்தது என்று இன்றைக்கும் தெரிகிறது. அறுபது வருஷம் ஒரு குடும்பத்தை ஓட்டின ஆயா (பாட்டி) என்ன செய்தார் என்று பேனரில் தெரியவில்லை. (அந்தக் கற்களிலும் பெண்கள் குறைவுதான். அது தனிச் சண்டை.)

அம்மாவையோ ஆயாவையோ நினைவில் வைக்க வேண்டுமென்றால் அவர் செய்ததை அளவோடு எழுதி வையுங்கள். புகழ்ச்சி எல்லாம் அப்புறம்.

முதல் சிக்கல் வயசு. ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தால் பெரும்பாலும் வாய்க்கு வந்த வயசைச் சொல்லிப் போட்டதாக இருக்கும், அதை நம்ப வேண்டாம். "எப்போ பொறந்தீங்க" என்று கேட்டால் பதில் வராது. கிருஷ்ணகிரிப் பக்கத்து கே.ஆர்.பி. அணை திறந்தப்போ கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேளுங்கள், அது 1957. சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமானது 1965. எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். அப்போ இடுப்பில் இருந்தது எந்தப் பிள்ளை என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். இரண்டு மூன்று முடிச்சு கிடைத்தால் பிறந்த வருஷம் ஒன்றிரண்டு முன்பின்னாகத் தெரிந்துவிடும். பிறந்த ஊரையும் மறக்காமல் குறியுங்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பல அவ்வாக்கள் (பாட்டிகள்) கர்நாடகத்து ஆனேக்கல்லிலிருந்தோ ஆந்திரத்துக் குப்பத்திலிருந்தோ வாக்கப்பட்டு வந்தவர்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசியிருந்தால் அவர் பாடின தாலாட்டை அதே மொழியில், தமிழ் எழுத்தில் எழுதுங்கள். தமிழாக்கம் வேண்டாம்.

அடுத்து சமையல். "எங்க ஆயா களி மாதிரி வராது" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள், எப்படிச் செய்தார் என்று கேட்டால் முழிப்பார்கள். பொதுவான கணக்கு இது: கால் டம்ளர் நொய்யை மூன்று டம்ளர் தண்ணியில் உப்புப் போட்டுக் குழைய வேகவிட வேண்டும். ஒரு டம்ளர் கேவுரு (கேழ்வரகு) மாவை நடுவில் குவித்துக் கொட்டி, துடுப்புக் காம்பால் மாவுக்கு நடுவே ஒரு குழி குத்தி, சின்னத் தீயில் ஐந்தாறு நிமிஷம் தொடாமல் விட வேண்டும். குழி வழியாகக் கொதி மேலே வந்து மாவை நனைக்கும். அதற்கு முன்னால் கிண்டினால் உள்ளே வெறும் மாவோடு கட்டி விழும், அப்புறம் எவ்வளவு மல்லுக்கட்டினாலும் உடையாது. பிறகு இறக்கிவைத்து, சட்டியைக் காலால் அணைத்துக்கொண்டு ஒரே பக்கமாகக் கிண்டி, மறுபடியும் கொஞ்சம் தணலில் வைக்க வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் வேகவில்லை என்று அர்த்தம்.

இது ஊருக்கே பொது. உங்கள் ஆயாவுடையது எங்கே மாறுகிறது என்பதைத்தான் எழுத வேண்டும். நொய் போட்டாரா, சாமையா, ஒன்றுமே போடாமல் செய்தாரா? உயிரோடு இருந்தால் அவரே கிண்டட்டும். அவர் கையில் அள்ளுகிற மாவைச் சட்டியில் விழுவதற்கு முன் ஒரு தட்டில் வாங்கி எடை போடுங்கள். தண்ணியை அவர் எப்போதும் மொள்ளுகிற சொம்பாலேயே மொள்ளட்டும், அந்தச் சொம்பு எத்தனை மில்லி பிடிக்கிறது என்று பிறகு அளந்துகொள்ளலாம். "ஒரு கை, ரெண்டு சொம்பு" என்று மட்டும் எழுதி வைத்தால் பேத்தி கைக்கு அந்தக் களி வராது.

இன்னொன்றை யாரும் எழுதுவதில்லை. பல்லும் முட்டியும். தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் போர்வெல் தண்ணியில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டி இருந்தது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். பல்லில் காவிக் கோடு விழுவது, பல் உருவாகிற எட்டு வயசுக்குள் குடித்த தண்ணியால். வெற்றிலைக் கறை வேறு, தேய்த்தால் கொஞ்சமாவது போகும், இது போகாது. ஆயா பல் வெள்ளையாக இருந்து, பிள்ளைகள் பல் மட்டும் காவியாக இருந்தால், அவர் நல்ல தண்ணி ஊரில் வளர்ந்து இங்கே வந்தவராக இருக்கலாம். முதுகு விறைத்ததும் முட்டி மடங்காததும் ஃபுளோரைடால் என்று டாக்டர் சொல்லியிருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். "வயசாச்சு" என்று முடித்தால் தண்ணி செய்ததெல்லாம் ஆயா தலையில் போய் உட்காரும். தண்ணியைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது, தண்ணி வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும். எத்தனையோ அம்மாக்கள் பிள்ளை நல்லா இருக்கட்டும் என்று காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தார்கள்.

பீரோவில் தேட வேண்டியது குழு நோட்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, முதலில் தொடங்கியது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். இன்றைய கிருஷ்ணகிரியும் அப்போது அதில் சேர்த்தி. சேமிப்பு பாஸ்புக், கடன் கார்டு, தீர்மான நோட்டு எது கிடைத்தாலும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். முதல் பக்கங்களில் கைநாட்டு இருக்கும். சிலருக்கு எங்கோ ஒரு பக்கத்தில் அது கோணல் எழுத்துக் கையெழுத்தாக மாறியிருக்கும். அந்தத் தேதியைக் குறியுங்கள். கடன் எதற்கு வாங்கினார், ஆடா, காலேஜ் ஃபீஸா, யார் ஆஸ்பத்திரிச் செலவா என்பதும் அதிலேயே இருக்கும். குடும்பத்தின் கணக்கு அது.

பேச்சைப் பதிவு செய்வதானால் "உங்க கதையைச் சொல்லுங்க" என்று போனை நீட்டாதீர்கள். "என்னத்த சொல்றது போ" என்பார். கையில் வேலை கொடுங்கள். மார்கழி, தையில் ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கவிடலாம், மாசி, பங்குனியில் புளியில் கொட்டை எடுக்கவிடலாம். கை ஓடினால் வாய் ஓடும். ஆனால் புளி தட்டுகிற நேரத்தில் போனைத் தரையில் வைத்தால் தட்டுச் சத்தம்தான் விழும், மடித்த துண்டின் மேல் வைத்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஏரோபிளேன் மோடு போடுங்கள். ஒப்பாரியை வீட்டுக்குள் பாடச் சொன்னால் பாடமாட்டார்கள், ஆகாது என்பார்கள். களத்துமேட்டில் கேளுங்கள்.

ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றால், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் கேட்டாக வேண்டும். தெரிந்தவர்கள் எல்லாம் ஒரே வீட்டில் இருப்பது அந்த நாட்களில்தான். மகன்களிடம் கேட்டால் "எங்கம்மா தெய்வம்" என்பதற்கு மேல் நகராது. ஓரகத்தியிடம் கேளுங்கள், கூடக் களையெடுத்தவர்களிடம், தங்கச்சியிடம் கேளுங்கள். அவர் யாரோடு எதற்குச் சண்டை போட்டார், யாருக்குத் தெரியாமல் யாருக்கு நெல் கொடுத்தார், எந்த ஊர்ச் சந்தையில் எவ்வளவுக்கு ஆட்டை விற்றார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். மருமகள்களைத் தனித்தனியாகக் கேளுங்கள், சேர்த்து உட்காரவைத்தால் மூத்தவர் சொன்னதற்கே மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.