தண்ணீருக்கு ஏன் காசு?

பாரிஸில் சுற்றுலாப் பயணிகள் குவியும் உணவகங்களில் ‘வாட்டர்’ என்று கேட்டுப் பாருங்கள். ‘ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?’ (சாதாத் தண்ணீரா, வாயு ஏற்றியதா) என்பார்கள். எதைச் சொன்னாலும் வருவது பாட்டில்தான். மூடியைத் திருகிவிட்டால் 5, 6 யூரோ பில்லில் ஏறிவிடும். பக்கத்து மேசை உள்ளூர்க்காரர் முன்னால் குழாய்த் தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குடுவை, இலவசமாக. சாப்பிட வருகிற யாருக்கும் அது இலவசம் என்பது சட்டம். கேட்டால் கிடைக்கும் என்று கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்றும் 2022 முதல் விதி இருக்கிறது. பல இடங்களில் அது மெனுவின் அடியில், பொடி எழுத்தில், பிரெஞ்சில் கிடக்கிறது. இது என்ன நியாயம்?

கேட்க வேண்டியது ‘யூன் காராஃப் தோ, சில் வூ ப்ளே’, அதாவது ‘ஒரு குடுவைத் தண்ணீர், தயவுசெய்து’. ஆனால் அதற்கு முன் ‘போன்ஷூர்’ சொல்லியாக வேண்டும், சாயங்காலமானால் ‘போன்சுவார்’. வணக்கம் சொல்லாமல் நேராகக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. பரிமாறுபவர்களின் முகச்சுளிப்பில் பாதி அதனால்தான் வருகிறது. அந்தத் தவறு நம் பக்கம்.

டிப்ஸ் விஷயத்தில் தவறு முழுக்க அவர்கள் பக்கம். மெனு விலையிலேயே சேவைக் கட்டணம் அடக்கம். பில்லில் ‘செர்வீஸ் கோம்ப்ரி’ என்றே இருக்கும். அப்படியிருந்தும் வெளிநாட்டு முகத்தைப் பார்த்தால் கார்டு மெஷினில் 10, 15 சதவீதம் என்று காட்டி நீட்டுகிறார்கள். தயங்காமல் ‘நோன்’ அழுத்துங்கள். மனமிருந்தால் ஓரிரு யூரோ நாணயத்தை மேசையில் வையுங்கள்.