நம் ஊர் வெயிலைச் சாக்குச் சொல்லாதீர்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறேன். தினமும் சைபர்ஜெயாவுக்கு வேலைக்குப் போகிறேன், டேட்டா சென்டர் பராமரிப்பு, அதாவது இணையச் சேவைகளை இயக்கும் சர்வர் கம்ப்யூட்டர்கள் வரிசையாக ஓடும் கட்டடம். வெளியே 33 டிகிரி வெயில். சர்வர் அறைக்குள் 19 டிகிரி, ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. இரண்டு டிகிரி கூட்டலாமே என்று மேலதிகாரியிடம் கேட்டால், "நம்ம ஊர் வெயில் அப்படி, தம்பி. வெள்ளைக்காரன் ஊரில் செய்வதெல்லாம் இங்கே நடக்காது" என்பார்.

எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

ஜெர்மனியில் மியூனிக் அருகே கார்ச்சிங்கில் 2012-இல் சூப்பர்மக் என்ற சூப்பர் கம்ப்யூட்டரை நிறுவினார்கள். அதன் சிப்புகளைக் குளிர்விக்க ஓடிய தண்ணீரின் சூடு 40 டிகிரியை ஒட்டியது. தவறாகப் படிக்கவில்லை, சுடுதண்ணீர்தான். சிப் அதைவிட வெகு சூடாக இருப்பதால் அந்தத் தண்ணீரே வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அதே அளவு காற்றைவிடத் தண்ணீர் 3,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தைத் தாங்கும். பின்லாந்தின் கயானியில் உள்ள லூமி என்ற சூப்பர் கம்ப்யூட்டர், தன் வெப்பத்தை ஊர் வீடுகளைச் சூடாக்கக் கொடுக்கிறது. சரி, அது நமக்குத் தேவைப்படாது. ஆனால் 40 டிகிரி தண்ணீர் நமக்குத்தான் மிகவும் தேவை. வெளிக்காற்று 34 டிகிரி இருந்தாலும், சிப்பிலிருந்து அதைவிடச் சூடாகத் திரும்பும் தண்ணீரை வெறும் மின்விசிறியே ஆறவைத்துவிடும். தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் இயந்திரம் ஓட வேண்டாம். கூலிங் டவரில் தண்ணீர் ஆவியாகிப் போகவும் வேண்டாம். தண்ணீர்த் தடை என்றதும் வாளி வாளியாகப் பிடித்து வைக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பழைய சர்வர்களுக்குள் இப்படித் தண்ணீர்க் குழாய் போட முடியாதுதான், ஒப்புக்கொள்கிறேன். அவற்றுக்குச் சிங்கப்பூர் வழி இருக்கிறது. நம்மைப் போலவே வெயிலும் புழுக்கமும் உள்ள அந்த ஊர், 2023-இல் வெப்பமண்டல டேட்டா சென்டர்களுக்கென்றே தரநிலை வெளியிட்டது. அறையை 26 டிகிரிக்கும் மேல் வைக்கலாம். ஒரு டிகிரி கூட்டினால் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 சதவீதம் மிச்சம் என்கிறார்கள். தீபகற்ப மலேசியாவில் நம் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் வருகிறது. வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் எங்கோ எரிந்த கரி.

ஜொகூரில் இப்போது புது டேட்டா சென்டர் கட்டடங்கள் வரிசையாக எழும்புகின்றன. தண்ணீர்க் குழாய்த் தடத்தை முதல் நாளே வரைபடத்தில் போட்டுவிட வேண்டும், பிறகு உடைத்துச் சேர்ப்பது பெரும் செலவு. அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் அறையில் எத்தனை டிகிரி வைத்திருக்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் கணக்கோடு மறுபடியும் கேட்கப் போகிறேன்.